ஏரிக்குள் பைக் பந்தயம், கரைமேல் கூட்டம்

போன மாதம் நிவேதா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாண மண்டபங்களிலும் கடை திறப்பு விழாக்களிலும் மைக் பிடித்துப் பேசுகிற பெண். நான் செய்த வேலையைத்தான் அவளும் செய்கிறாள், கருவிகள்தான் வேறு. ஏதோ ஒரு பைக் பந்தயத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பெரிய திரை வெக்கிறாங்கம்மா. போன்ல விளம்பரம் போட்டுகினே இருக்காங்க. அப்பவும் பாக்க ஆளு கம்மிதான். நீங்க ஏதோ ஏரிக்குள்ள பந்தயம் வெச்சு ஊரையே இஸ்துகினு வந்தீங்களாமே, எப்படிம்மா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, போட்டு வைத்த டீ ஆறிப்போனது. கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்கம்மா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம் எங்களுடையது. பள்ளி ஆண்டு விழாவில் நான் வரவேற்புரை படித்தபோது, அந்த விழாவுக்கு மைக் செட் கட்ட வந்திருந்தவர் திருவண்ணாமலை ஜப்பார் பாய். மறு வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணு குரல் தெருக்கோடி வரைக்கும் உடையாம போகுது. வேலைக்கு அனுப்புங்க" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. அப்படி, எழுபதுகளின் நடுவில், தினமும் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய் மைக்கில் பேசுகிற பெண்ணானேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, டூரிங் கொட்டகையில் படம் மாற்றம், தீபத்தின்போது காணாமல் போன பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் என் குரல்தான்.

ஜப்பார் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி, கையில் எப்போதும் ஒரு குடை. ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, ஒயர் இழுத்து, மைக்கை என் கையில் கொடுத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் நடக்க ஆரம்பித்துவிடுவார். கூட்டத்தின் கடைசி ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் அவருக்குப் பக்கத்தில் நிற்பார். குடையை விரித்தால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். மூடியபடி உயர்த்தினால் கேட்கவில்லை. குறுக்கே பிடித்தால் சத்தம் ஜாஸ்தி. மழை பெய்தால்கூட கேட்காத இடத்தில் குடையை விரிக்க மாட்டார், நனைந்துகொண்டே நிற்பார்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மைக்கைத் தட்டிப் பார்த்தால் பிடிக்காது. ஊதினால் முகம் சிவந்துவிடும். இரண்டு குழாய்களை எதிரெதிரே வைக்க விடமாட்டார். சத்தம் நடுவில் மோதிக்கொண்டு ஒருவருக்கும் சொல் புரியாது என்பார். மலைக்கு எதிரே நின்று பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தச் சொல்வார். "மலை திருப்பிச் சொல்லும். அது சொல்லி முடிக்கட்டும், அப்பறம் நீ பேசு" என்பார். எல்லாவற்றையும்விட முக்கியமான பிடிவாதம் ஒன்று: கூட்டம் இருக்கும்போது சத்தத்தை நிறுத்தக் கூடாது. "திடீர்னு சத்தம் நின்னா ஜனங்க பயந்துடும் மல்லிகா. ஏதாச்சும் பேசிகினே இரு."

பந்தயத்துக்கு வருகிறேன். தாமோதரன் என்று ஒரு பைக் மெக்கானிக். தேரடிப் பக்கம் பட்டறை வைத்திருந்தார். ஊரில் இருந்த மற்ற மெக்கானிக்குகளோடு சேர்ந்து விடியற்காலையில் செங்கம் ரோட்டில் பைக் பந்தயம் விடுவார். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். கொடி விழுந்ததும் நேராகப் பறக்கும். முன்னால் போனவர் ஜெயித்தவர். ஒருநாள் இவர்களில் ஒருவர் மாட்டுவண்டியில் மோதிக் காலை உடைத்துக்கொண்டார். எஸ்.ஐ. எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்.

அந்த எஸ்.ஐ. நல்ல மனிதர். அடிக்கவில்லை, வழக்குப் போடவில்லை. "இனிமே ரோட்டுல ஒரு வண்டி பந்தயம் ஓடக் கூடாது. வேங்கிக்கால் பக்கம் ஏரி காஞ்சு கெடக்குது. அங்க வெச்சுக்கங்க, மூணு ஞாயித்துக்கிழமை பாக்கறேன். ஜனங்க குடும்பம் குடும்பமா வந்து பாத்தா அது விளையாட்டு. நீங்க மட்டும் ஓட்டிகினு இருந்தா அது கலாட்டா. கலாட்டாவுக்கு நான் பர்மிஷன் தர முடியாது" என்றாராம்.

முதல் ஞாயிறு தாமோதரன் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். வந்தவர்கள் எல்லோரும் மெக்கானிக்குகள். இரண்டாவது ஞாயிறு எங்கள் மைக் செட்டை வைத்தார். பாட்டுச் சத்தம் கேட்டுக் கொஞ்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள். வண்டி கிளம்பியதும் புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது பந்தயம் முடிந்திருந்தது. எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். சாயங்காலம் வரை நின்றவர்கள் இரண்டே பேர்: செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, அமைதியைத் தேடி நம் ஊருக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி. அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தாமோதரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "வாயில ஊத்துன டீ தொண்டையில எறங்கறதுக்குள்ள பந்தயம் முடிஞ்சுபோவுது. இத்த பாக்க எவன் வருவான்? அடுத்த வாரமும் இப்படின்னா அவ்ளோதான். பசங்க மறுபடியும் ரோட்டுக்குத்தான் போவானுங்க. இந்த தபா காலோட போவாது."

அந்தக் கடைசி வார்த்தை என்னை என்னவோ செய்தது. "தாமுண்ணா, இன்னிக்கு ஓட்டுனவங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

"பேரா? ஒன்னாம் நம்பர், ரெண்டாம் நம்பர்."

"நம்பர் ஜெயிச்சா யாருக்குண்ணா சந்தோஷம்?"

தீபக் கூட்டத்தில் பேசிப் பேசி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. 'நீலச்சட்டை போட்ட பையன்' என்று சொன்னால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். 'அவலூர்பேட்டை பையன்' என்று சொன்னால் அவலூர்பேட்டைக்காரர்கள் எல்லோரும் மேடைக்கு ஓடி வருவார்கள். அதைத் தாமோதரனிடம் சொன்னேன். ஊர் அறிந்த ஆட்கள் ஓட்டட்டும், அவர்களுடைய சொந்த வண்டியையே ஓட்டட்டும் என்றேன். வேங்கிக்கால் பால்காரர் ராஜாங்கம் தினமும் பால் கேனோடு பறக்கிற ஆள். உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் சேதுராமன் ஸ்கூட்டரில் விறைப்பாக உட்கார்ந்து போவதை ஊரே பார்த்திருக்கிறது. "டிரில் மாஸ்டர் ஓட்டறார்னா பள்ளிக்கூடமே வரும்ணா. அவர் விழுவாரான்னு பாக்கறதுக்காச்சும் வரும்."

தாமோதரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க இஞ்சினைப் பிரிச்சு, மாசக் கணக்கா வேலை பாத்து ஓட்டறோம். பால் கேனும் ஸ்கூட்டரும் ஓடுனா அது ரேஸா, சர்க்கஸா?"

ஜப்பார் பாய் ஒயரைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "சர்க்கஸுக்குக் கூட்டம் வருது தாமு."

அந்த வாரம் ஜட்கா வண்டியில் குழாய் கட்டி ஊர் சுற்றினோம். ஓடுகிற வண்டியில் பேசுவது தனி வேலை. ஒரு வீட்டை வண்டி தாண்டுவதற்குள் அந்த வீட்டுக்குச் செய்தி முழுதாகப் போய்விட வேண்டும். பாதி வாக்கியம் இந்த வீட்டிலும் மீதி அடுத்த வீட்டிலும் விழுந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் புரியாது. அதனால் யார், எங்கே, என்றைக்கு என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். 'நம்ம பால்காரர் ராஜாங்கம் பைக் பந்தயம் ஓடறாரு! வேங்கிக்கால் ஏரிக்குள்ள! ஞாயித்துக்கிழமை சாயங்காலம்!' அடுத்த தெருவில் அந்தத் தெரு ஆளின் பெயர். சின்னக்கடைத் தெருவில் தையல்காரர். பள்ளிக்கூட வாசலில் டிரில் மாஸ்டர்; அங்கே உள்ளேயிருந்து எழுந்த கூச்சலில் குதிரை மிரண்டு எங்களை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தியது.

வேங்கிக்காலில் ஒரு பெண் வண்டியை மறித்தாள். கை முழுக்கச் சாணி.

"ஏம்மா, நிறுத்து! யாரைக் கேட்டு எங்க ஊட்டுக்காரர் பேரை மைக்குல சொல்ற?"

"அவர் சம்மதிச்சுட்டாரேம்மா."

"என்னாண்ட சொல்லவே இல்லையே!" ராஜாங்கத்தின் மனைவி சரோஜா அவள். கொஞ்ச நேரம் எங்களை முறைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எதிரால யாரு?"

"டிரில் மாஸ்டர்."

"அந்தாளா? எங்க பையனை வெயில்ல நிக்க வெச்சாரே, அந்தாளா?" சாணிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லு மைக்குல. சத்தமா சொல்லு. மேலத் தெருவுக்குக் கேட்டிருக்காது."

மூன்றாவது ஞாயிறு ஏரிக்கு ஜனம் வந்தது. வண்டிப்பாதையில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. தெருத் தெருவாக, குடும்பம் குடும்பமாக, சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்கள். வெள்ளைக்காரத் தம்பதியும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனிப் படையாக வந்தார்கள். தாமோதரன் கண் கலங்கி நின்றார். எனக்கு ஜில்லென்று இருந்தது. நான் கூப்பிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் அது.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. ஏரியின் தரையில், சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதையின் இரு பக்கமும் கயிறு கட்டியிருந்தோம். கயிற்றை ஒட்டி நின்றவர்களுக்கு மட்டும்தான் பாதை தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கயிறு போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கத்துக் கூட்டமும் உள்ளே வந்து, பாதை ஒரு சந்து மாதிரி ஆகிவிட்டது. கோட்டில் ராஜாங்கமும் டிரில் மாஸ்டரும் வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சந்துக்குள் வண்டி பாய்ந்தால் என்ன ஆகும்?

"பின்னால போங்க! தயவுசெஞ்சு பின்னால போங்க!" என்று மைக்கில் கத்தினேன். கத்தக் கத்த நிலைமை மோசமாயிற்று. முன்னால் ஏதோ நடக்கிறது என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் இன்னும் முண்டினார்கள்.

தாமோதரன் கொடியோடு ஓடி வந்தார். "வுட்டுடலாமா? வண்டி சத்தம் கேட்டா ஒதுங்கிடுவாங்க."

"வேணாம்ணா! நான் சொல்ற வரைக்கும் கொடியைத் தூக்காதீங்க!"

எஸ்.ஐ. வந்தார். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அவரோடு வந்திருந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். "கூட்டம் சேத்துட்டீங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர் காலு போச்சுன்னா என்னால பதில் சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நேரம் பாப்பேன். அப்பறம் எல்லாரையும் கலைச்சு அனுப்பிடுவேன்." அந்த நெரிசலில் கலைப்பது என்றால் லத்திதான். குழந்தை குட்டிகளோடு வந்திருக்கும் ஜனங்களிடம் லத்தியா? நான் கூப்பிட்டல்லவா வந்தார்கள்?

ஜப்பார் பாயைத் தேடினேன். அவர் வழக்கம்போல எல்லோரையும் தாண்டிப் போயிருந்தார். ஏரிக்கரையின் மேல், ஒரு பனைமரத்தடியில், தனியாக நின்றிருந்தார். ரோட்டில் போகிறவர்களை இழுப்பதற்காக அந்தப் பனையில் ஒரு குழாய் கட்டியிருந்தோம். அவருடைய குடை விரிந்திருந்தது. அங்கே நன்றாகக் கேட்கிறது.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. நீளமாக, உயரமாக, காலியாக இருக்கிறது கரை. அங்கே நின்றால் ஏரி முழுக்கத் தெரியும். ஆனால் ஒருவரும் அங்கே போகவில்லை. ஏன்? அந்த ஒன்றைத் தவிர எல்லாக் குழாய்களையும் நாங்கள் கீழே பாதையோரம் கட்டிவைத்திருக்கிறோம். ஜனங்கள் எங்கே கேட்கிறதோ அங்கேதான் நிற்பார்கள். நாங்களேதான் அவர்களைப் பாதைக்குள் இழுத்துவிட்டிருந்தோம்.

கூட்டத்தில் சத்தத்தை நிறுத்தாதே என்ற பாயின் சொல் காதில் கேட்டது. ஆனாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கீழே இருந்த குழாய்களுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினேன்.

பாதையோரம் சத்தம் செத்தது. பனைமரக் குழாய் மட்டும் பேசியது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கதை பேசுகிற குரலுக்கு வந்தேன்.

"இப்ப ஒரு விஷயம் சொல்லப்போறேன். நம்ம ராஜாங்கம் அண்ணன் இன்னிக்குக் காலையில எழுந்திரிச்சதும் முதல்ல என்ன பண்ணாரு தெரியுமா..."

கீழே தலைகள் திரும்பின. "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" "கேக்கலப்பா." "ராஜாங்கம் பத்தி ஏதோ சொல்லுது." "கரைமேல கேக்குது போல." நான் இன்னும் மெதுவாகப் பேசினேன். அவர் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தயம் ஓடப்போவதை மாட்டிடம் சொன்னார், மனைவியிடம் சொல்லவில்லை என்றேன்.

முதலில் நகர்ந்தது சரோஜா. தன் புருஷனைப் பற்றி மைக்கில் ஏதோ ரகசியம் போகிறது, தனக்குக் கேட்கவில்லை. பொறுப்பாளா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கரையேறினாள். அவள் பின்னால் வேங்கிக்கால் பெண்கள். அவர்கள் பின்னால் பிள்ளைகள். பிறகு சின்னக்கடைத் தெரு. ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் இடிக்கவில்லை. கதை கேட்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படிப் போனார்கள். மேலே போனவர்கள் திரும்பிப் பார்த்து, "யப்பா, இங்கிருந்து எல்லாம் தெரியுதுடா!" என்று கத்தியதும் மிச்சப் பேரும் ஏறிவிட்டார்கள். பாதை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

எஸ்.ஐ. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஜப்பார் பாய் கரைமேல் கூட்டத்துக்கு நடுவில் இடம் பிடித்து, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தாமுண்ணா, இப்பத் தூக்குங்க கொடியை!"

ராஜாங்கம் கேன் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கேன் இல்லையென்றால் வண்டி அவருக்கு ஒரு பக்கமாக இழுக்கிறதாம். காலிக் கேன்கள் கணகணவென்று அடிக்க அவர் முன்னால் பறந்தார். டிரில் மாஸ்டர் அணிவகுப்பில் போவது போல முதுகை நிமிர்த்தியபடியே பின்னால். பாதித் தூரத்தில் ஒரு கேனின் மூடி எகிறி விழுந்தது. பால்காரர் பழக்கம் விடுமா? ராஜாங்கம் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டார்.

கரைமேல் சரோஜா எழுந்து நின்றாள். "மூடி கெடக்கட்டும், நீ போ!"

குழாய்கூட இல்லாமல் அந்தக் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. அதற்குள் டிரில் மாஸ்டர் தாண்டிவிட்டார். பள்ளிக்கூடப் படை ஆடியது. வேங்கிக்கால்காரர்கள், "செல்லாது, செல்லாது! இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். தாமோதரன் என்னைப் பார்த்தார். "மூணுல ரெண்டு யாரு ஜெயிக்கறாங்களோ அவங்கதான்!" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் எங்கள் பழைய தலைவலி தீர்ந்தது. டீ தொண்டையில் இறங்குவதற்குள் முடிகிற பந்தயம் சாயங்காலம் முழுக்க நீண்டது.

இரண்டாவது ஓட்டத்தில் மூடி இல்லாத கேன்களோடு ராஜாங்கம் ஜெயித்தார். மூன்றாவதுக்குக் கொடி தூக்கியதும் கரை முழுக்க ஒரே குரலில், "மூடி கெடக்கட்டும், நீ போ!" என்று கத்தியது. மலை அதைத் திருப்பிச் சொன்னது. மலை சொல்லி முடிக்கும்வரை நானும் காத்திருக்கவில்லை. நடுநிலையை மறந்து நானும் மைக்கில் கத்திக்கொண்டிருந்தேன். ராஜாங்கம் ஜெயித்து, நிறுத்த மறந்து, ஏரியின் அந்தப் பக்கம் வரை போய்விட்டார். டிரில் மாஸ்டர் இறங்கி வந்து அவருக்குக் கை கொடுத்தார். பிறகு தையல்காரர் ஓடினார். கடைசியாகத் தாமோதரனும் அவருடைய நண்பர்களும் மாதக்கணக்கில் உழைத்த தங்கள் பெரிய வண்டிகளை விட்டார்கள். கண் இமைக்கும் நேரத்தில் அவை பாய்ந்து போயின. பிறகு எழுந்த கைதட்டலில் தாமோதரன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்தார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

எஸ்.ஐ. போகும்போது என் மேஜையருகே நின்றார். "அடுத்தது எப்பம்மா?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"ஏரியில தண்ணி வர்ற வரைக்கும் வெச்சுக்கங்க" என்றவர் கொஞ்சம் தயங்கி, "எங்கிட்டயும் ஒரு பழைய வண்டி கெடக்குது. பேரைச் சேத்துக்க முடியுமா?" என்றார்.

செங்கம் ரோட்டில் அதற்குப் பிறகு யாரும் பந்தயம் விடவில்லை. எங்கள் ஏரிப் பந்தயம் எண்பதுகளிலும் கோடைக்குக் கோடை நடந்தது. குழாய்களை எப்போதும் கரைமேல் மட்டுமே கட்டினோம்.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இதற்குள் எங்கேயோ இருக்கிறது. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லி நிறுத்துகிறேன்.

எல்லாம் முடிந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. ஜப்பார் பாய் சோடா வாங்கிக் கொடுத்து, "ஒயரைப் பிடுங்குனது நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் ஊர் வழியாகத் திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஏறிக் கூட்டத்தில் நின்றேன். பஸ் முழுக்க ஒரே பேச்சு. ஏரிக்கு வந்தவர்கள் வராதவர்களுக்குப் பந்தயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்கூட்டரில் டிரில் மாஸ்டர் உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்து காட்டினார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மூடி பறந்தது போய், கேனே பறந்துவிட்டிருந்தது.

என் பக்கத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீ வர்லியா கண்ணு ஏரிக்கு?"

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"அடடா, போச்சே! அந்த மைக்குல ஒரு பொண்ணு பேசுச்சு பாரு, அத்த கேக்கறதுக்காச்சும் நீ வந்திருக்கணும். சரி போ, அடுத்த வாரம் கண்டிப்பா வா. நான் இடம் புடிச்சு வெக்கிறேன், கரைமேல."

நான் சிரித்துக்கொண்டே, வருகிறேன் என்று தலையாட்டினேன்.